பட்டினியில் கிடைக்காதது

வணக்கம் சார்,

கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் புத்தரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "பொண்டாட்டியும் கைக்குழந்தையும் தூங்கும்போது விட்டுட்டு ஓடினவர் கருணையைப் பற்றிப் பேசலாமாம்மா?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம். எல்லாம் துக்கம், ஆசையை விடு என்பதுதான் பௌத்தம் என்றால், குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? சந்தோஷத்தையே வெறுக்கிற மதமா அது?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மகளின் கேள்வி நியாயமானது, மழுப்பக் கூடாது. ஆனால் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தக் கதை, அதாவது தேரில் போகும்போது கிழவர், நோயாளி, பிணம், துறவி என்று பார்த்துவிட்டு நள்ளிரவில் குதிரையேறிப் போவது, பாலி மொழியில் உள்ள பழைய புத்த உரைத்தொகுப்புகளான முதல் நான்கு நிகாயங்களில் சித்தார்த்தரின் கதையாக வருவதில்லை. நான்கு காட்சிகளும் தீக நிகாயத்தில் விபஸ்ஸி என்ற பழைய புத்தர் ஒருவருக்கு நேர்கின்றன. தூங்கும் பெண்களைப் பார்த்து மனம் கசந்து இரவோடு இரவாக வெளியேறுவது, துறவிகளின் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில், காசி நகரத்துச் செல்வந்தர் மகன் யசன். இவை பின்னால் வந்த வரலாறுகளில்தான் சித்தார்த்தர் மேல் வந்து சேர்ந்தன. புத்தர் தன் வாயாலேயே சொல்வதாக மஜ்ஜிம நிகாயத்தில் இருப்பது மிகச் சுருக்கம்: தலைமுடி கருகருவென்று இருந்த வயதில், தாய்தந்தையர் சம்மதமில்லாமல் அழுதுகொண்டிருக்க, மழித்துக்கொண்டு காவி கட்டிக் கிளம்பினேன். வீட்டுக்குத் தெரிந்துதான் போயிருக்கிறார்.

அதனால் யாருக்கும் வலிக்கவில்லை என்றாகாது. பின்னாளில் சொந்த ஊரான கபிலவஸ்துவுக்கு வந்தபோது அவருடைய மகன், சிறுவன் ராகுலனையும் துறவிகளின் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். புத்தரின் அப்பா சுத்தோதனர் நேரே மகனிடம் வந்து, நீ போனபோதும் உன் தம்பி நந்தன் போனபோதும் பட்டது போதாதா, பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பை அறுத்து மஜ்ஜை வரைக்கும் போகிறது, இனிமேல் பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள் என்கிறார். புத்தர் அதை அப்படியே விதியாக்கினார். இன்றைக்கும் பிக்குவாகப் போகிறவரிடம் சங்கம் கேட்கும் கேள்விகளில், அம்மா அப்பா சம்மதித்தார்களா என்பது ஒன்று. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். மன்னிக்கிறாளா இல்லையா என்பது அவள் பாடு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பௌத்தத்தின் பிறப்பிடம் வீட்டை விட்டுப் போன நாள் இல்லை, அதற்குப் பிறகு, இன்றைய புத்தகயா பக்கத்தில் உள்ள உருவேலாவில் கிடந்த பட்டினிதான். ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரண்டு ஆசிரியர்களிடம் தியானம் கற்று, அதுவும் போதாமல் உடம்பை வதைக்க இறங்குகிறார். மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தம் என்ற உரையில் அவரே விவரிக்கிறார்: ஒரு கை அளவு கொள்ளுச் சாறு, பயற்றஞ்சாறு, அவ்வளவுதான் சாப்பாடு. விலா எலும்புகள் இடிந்த கொட்டகையின் கைமரங்கள் மாதிரித் துருத்தின, வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்கு வந்தது, உடம்பைத் தடவினால் ரோமம் வேரோடு உதிர்ந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிக்ரி பட்டினி புத்தர் சிற்பத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள், காந்தாரச் சிற்பி அந்த எலும்பையும் நரம்பையும் ஒன்று விடாமல் செதுக்கியிருக்கிறான்.

இவ்வளவுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அப்போது ஒரு பழைய ஞாபகம் வருகிறது: அப்பா வேலையில் இருக்க, நாவல் மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது காரணமில்லாமல் மனம் அமைதியாகி நிறைந்த அந்தப் பொழுது. வழி இதுதானோ என்று நினைக்கிறார், உடனே அடுத்த கேள்வி: புலன் ஆசையும் தீமையும் கலக்காத அந்தச் சுகத்தைக் கண்டு நான் ஏன் பயப்படுகிறேன்? எழுந்து சோறும் கஞ்சியும் சாப்பிட்டார். கூட இருந்த ஐந்து துறவிகளும் கௌதமன் சொகுசுக்குப் போய்விட்டான் என்று விட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் கேட்ட சந்தோஷ வெறுப்பு அவரிடம் இருந்ததுதான், ஆனால் அதை விட்ட பிறகே அவருக்கு ஞானம் கிடைத்தது.

ஞானம் பெற்றபின் அந்த ஐந்து பேரைத் தேடித்தான் சாரநாத்துக்குப் போகிறார். முதல் பேச்சின் முதல் விஷயமே, இன்பத்தில் மூழ்குவதும் தன்னை வதைப்பதும் ஆகிய இரண்டு எல்லைகளையும் தொடாதே என்பது. அதற்குப் பிறகுதான் நான்கு உண்மைகள்: துக்கம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, அது நிற்கும், நிற்பதற்கு எட்டு அங்கமுள்ள பாதை உண்டு. நம் ஊரில் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறோம், மூன்றாவதைச் சொல்லாமல் போவதால்தான் பௌத்தம் அழுமூஞ்சி மதமாகத் தெரிகிறது. வேட்கை என்று அவர் சொன்னதும் புலன் இன்பத்துக்கான தாகம் மட்டும் இல்லை. இன்னும் இருக்க வேண்டும் என்ற தாகமும், இல்லாமலே போய்விட வேண்டும் என்ற தாகமும் அதில் சேர்த்தி. பட்டினி கிடந்து தன்னை அழிக்கப் பார்த்ததிலும் அந்த மூன்றாவது தாகம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குடும்பஸ்தருக்கு என்ன என்றால், எட்டு அங்கங்களில் பேச்சு, நடத்தை, பிழைப்பு மூன்றும் காட்டுக்குப் போகாமலே செய்ய வேண்டியவை. அப்புறம், மேலே சொன்ன யசனின் கதையை முழுக்கப் படியுங்கள். காணாமல் போன மகனின் செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா தேடி வருகிறார். புத்தர் அவரிடம் தானத்தில் தொடங்கி நான்கு உண்மைகள் வரை பேசுகிறார். அவர் புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைந்த முதல் இல்லறத்தார் ஆகிறார், ஆனால் துறவு ஏற்கவில்லை. புத்தரையும் மகனையும் சாப்பிட வரச்சொல்லி வீட்டுக்குத் திரும்புகிறார். அன்றே அந்த வீட்டில் யசனின் அம்மாவும் மனைவியும் கேட்டுச் சரணடைகிறார்கள், அவர்களும் வீட்டிலேயேதான் இருந்தார்கள்.