கடித்து வைத்தது போல் ஒரு ரூபாய்: எரர் காயினா (நாணயச்சாலையிலேயே பிழையாக வந்த காசா), அரத்தின் வேலையா?

கேள்வி: பெட்டிக்கடை நடத்துகிறேன். கல்லாவில் வந்த மூன்று காசுகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். 1998ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஓரம் கடித்தது போல் இருக்கிறது. இரண்டு ரூபாயில் சிங்க முகத்தின் மேல் ஒரு கோடு. ஐந்து ரூபாயில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது. யூடியூபில் லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?

பதில்: ஐந்து ரூபாயை மறுபடி கல்லாவிலேயே போட்டுவிடுங்கள். இரண்டாவது எண் தட்டையாக, படிக்கட்டு போலத் தாழ்ந்து தெரிந்தால், அடிக்கும்போது அச்சு லேசாக ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். இதுபோல் ஏராளமாக வரும்.

இரண்டு ரூபாய்க் கோட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளமாக இருந்தால் வெறும் கீறல். மேடாக இருந்தால் அச்சில் விழுந்த விரிசல். நாணயச்சாலைத் தவறுதான், ஆனால் சாதாரணம். அச்சின் ஓரமே உடைந்து, எழுத்தை மறைத்து உலோகம் திட்டாக நின்றால்தான் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சரி, அந்த ஒரு ரூபாய்க்கு வருவோம். தகட்டிலிருந்து வில்லைகளை (படம் அடிக்காத வெறும் வட்டங்களை) வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழும். பிறை வடிவில் கடி உண்டாவது அப்படித்தான். இதையே அரத்தால் ராவியும் செய்யலாம். வித்தியாசம் தெரிய, கடிக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். நிஜமானதில் பெரும்பாலும் அங்கே விளிம்பு மங்கியிருக்கும். விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் கடிபட்ட பக்கம் பிடிமானம் இல்லாததால், எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. ராவிய காசில் எதிர் விளிம்பு கூர்மையாக நிற்கும்; கடியோரத்து எழுத்து கத்தரித்தது போல் நின்றுவிடும். எடை (சரியான காசுக்கு 4.85 கிராம்) இங்கே உதவாது, இரண்டிலுமே குறையும்.

இனி கல்லாவில் தேடுவதானால், படம் ஒரு பக்கமாகத் தள்ளி அடிபட்டு, பாதி வில்லை வெறுமையாக இருப்பதைத் தேடுங்கள். ஆண்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கமும் அதே சிங்கம் குழிந்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருப்பது. முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் வருவது இது. குழிந்த பக்கத்தில் பழைய எண்ணின் சுவடு தெரிந்தால், அது போலி; யாரோ இரண்டு காசை வைஸில் (பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) வைத்து நெரித்திருக்கிறார்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விற்றுத் தர முன்பணம் கேட்பவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்; பழைய காசு வாங்கி விற்பது தங்கள் வேலையல்ல, அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் சொல்லிவிட்டது. ஒரு ரூபாயைப் படமெடுத்து அனுப்புவதானால், கடிபட்ட இடத்தோடு எதிர் விளிம்பையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.