வேலையை விட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்: வரிச்சலுகை யாருக்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதத்தால் வலது கை, கால் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார். வருமானம், மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லை. வேலையை விட்டுவிட்டு நான்தான் கவனித்துக்கொள்கிறேன். சென்னையில் இருக்கும் தம்பி (ஆண்டுச் சம்பளம் 18 லட்சம்) பணம் அனுப்புகிறான். எங்களுக்கு வரிச்சலுகை உண்டா?

பதில்: உங்கள் உழைப்புக்கென்று வருமான வரிச் சட்டத்தில் சலுகை எதுவும் இல்லை. சம்பளம் கொடுத்து நர்ஸ் வைத்தால் அது செலவு; மகளே ராப்பகலாகப் பார்த்தால் கணக்கிலேயே வராது. இது பெரிய அநியாயம்.

சலுகை தம்பிக்குத்தான். 2025-26 நிதியாண்டுக் கணக்கில், வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், அம்மாவின் ஊனம் 40 சதவீதமாவது இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாய் தன் வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம். சிகிச்சை, நர்ஸிங் என்று ஏதாவது செலவு செய்திருக்க வேண்டும். எவ்வளவு என்பது முக்கியமில்லை, முழுத் தொகையும் கிடைக்கும். அரசு மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ் கட்டாயம். அதில் காலாவதித் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், காப்பீடு இல்லாத மூத்த குடிமகனுக்கான மருத்துவச் செலவில் 50,000 வரை 80டி பிரிவில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது.

ஆனால் இவை எல்லாம் பழைய வரிமுறையில் மட்டுமே. அங்கேதான் சிக்கல். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் தம்பியின் வரி 1,50,800 ரூபாய். பழைய முறையில் சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 50,000, 80சி (பிஎஃப் போன்ற சேமிப்புகள்) 1.5 லட்சம், அம்மாவுக்காக 1.75 லட்சம் (1,25,000 + 50,000) எல்லாம் கழித்த பிறகும் 2,49,600 ரூபாய் வருகிறது. வாடகைப்படி விலக்கு, வீட்டுக்கடன் வட்டி என இன்னும் சுமார் 3.17 லட்சம் கழிவு இருந்தால்தான் பழைய முறை லாபம். சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று கணக்குப் போடாமல் பழைய முறைக்குப் போக வேண்டாம். தம்பி அலுவலகத்தில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சம்பளமும் பிஎஃப்பும் நின்றுபோயிருக்கும். உடன்பிறந்தவர் தரும் பணம், எவ்வளவு ஆனாலும், உங்களுக்கு வரிக்குரிய வருமானம் அல்ல. அதை உங்கள் பெயரில் டெபாசிட் போட்டால் வரும் வட்டி உங்கள் வருமானம்தான். மனைவிக்குக் கொடுத்தால் சேர்ப்பதுபோல் தம்பியின் வருமானத்தோடு சேர்க்க மாட்டார்கள். வேறு வருமானம் இல்லாத உங்களுக்கு அந்த வட்டிக்கு அநேகமாக வரியே வராது. தம்பியிடம் தயங்காமல் பேசுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும், அன்பளிப்பு என்று ஒரு கடிதமும் எழுதி வாங்கி வையுங்கள்.