ஜோடி பிராசஸர் கையில், மதர்போர்ட் எங்கே?

கேள்வி: ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா வீடியோக்கள்தான் பிழைப்பு. கொழும்பில் தெரிந்த ஒருவர் மூலம் இன்டெல் ஸியோன் இ5-2680 வி2 பிராசஸர் இரண்டும், 16 ஜிபி சர்வர் ரேம் நான்கும் மலிவாகக் கிடைத்தன. இப்போது மதர்போர்ட் தேடி அலைகிறேன். "2011 சாக்கெட்" என்று கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. 2011 என்ற பெயரில் இரண்டு சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) இருப்பதுதான் சிக்கல். உங்கள் பிராசஸர் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த "வி2"தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2012இல் வந்த முதல் இ5-2600 வரிசைக்கும் 2013இல் வந்த வி2 வரிசைக்கும் எல்ஜிஏ 2011 சாக்கெட், சி602 சிப்செட் (போர்டிலுள்ள துணைச் சிப்), டிடிஆர்3 ரேம். 2014இன் வி3க்கும் 2016இன் வி4க்கும் எல்ஜிஏ 2011-3 சாக்கெட், சி612 சிப்செட், பெரும்பாலும் டிடிஆர்4 ரேம். இரண்டிலும் ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் ஓரத்து வெட்டுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்றில் மற்றது உட்காராது. கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பிராசஸரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கையில் இருப்பது சொன்ன பொருள்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உலோக மூடியில் பெயருக்குக் கீழே எஸ்ஆர்1ஏ6 என்ற குறி இருந்தால் அது அசல் 2680 வி2. அந்த இடத்தில் க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் குறியும் "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்ற வரியும் இருந்தால் அது சோதனைக்காகச் செய்த பிரதி. சில போர்டுகள் அதை ஏற்காது. இரண்டில் ஒன்று அப்படி இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ரேம் ஸ்டிக்கரில் 12800 என்பதற்குப் பின்னால் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரெஜிஸ்டர்ட் ரேம், சர்வருக்கானது. சாதாரண வீட்டுக் கொம்பியூட்டர் ரேமோடு அதைக் கலக்க முடியாது. விலை குறைவு என்று கலந்து வாங்கிவிடாதீர்கள்.

சரி, போர்டுக்கு வருவோம். தனியாகக் கிடைப்பவற்றில் உங்கள் பிராசஸருக்குப் பொருந்துபவை ஏஸஸ் இசட்9பிஇ-டி8 டபிள்யூஎஸ், சூப்பர்மைக்ரோ எக்ஸ்9டிஏஐ போன்றவை. இரண்டுமே சாதாரண ஏடிஎக்ஸ் கேசிங்கில் அடங்காத பெரிய போர்டுகள். ஏஸஸ் போர்ட் 305க்கு 330 மில்லிமீற்றர், அதனால் கேசிங்கை அளக்காமல் வாங்கவே வேண்டாம். பவர் சப்ளையில் பிராசஸருக்கான 8 பின் வயர் இரண்டு இருக்கவேண்டும். கூலர் வாங்கும்போது சாக்கெட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் இடைவெளியை அளந்து பாருங்கள்: சதுரமாக 80க்கு 80 மில்லிமீற்றர் இருந்தால் ஒரு வகை, ஒடுக்கமாக 56க்கு 94 இருந்தால் வேறு வகை. ஒன்றின் கூலர் மற்றதில் ஏறாது.

இன்னொரு கண்ணி பயாஸ், அதாவது கொம்பியூட்டரை எழுப்பிவிட போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். இந்த போர்டுகள் முதல் தலைமுறைக்காக வந்தவை. பழைய பயாஸோடு இருந்தால் வி2 போட்டதும் திரையில் ஒன்றும் வராது, போர்ட் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். விற்பவரிடம் வி2 பிராசஸர் போட்டு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு என் அபிப்பிராயம்: தனி போர்ட் தேடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது பிராசஸரும் ரேமும் கழற்றப்பட்டுச் சந்தைக்கு வந்து குவிகின்றன. போர்டுகளோ அந்தந்த சர்வர் பெட்டிக்கென்றே வெட்டப்பட்டவை, வேறெதிலும் பொருந்தாது, அதனால் பழைய இரும்போடு போய்விடுகின்றன. பிராசஸர் மலிவாகவும் நல்ல போர்ட் விலையாகவும் இருப்பது இதனால்தான். (டெல் ஆர்720 சர்வர் போர்ட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதைப் பூட்டக் கேசிங் கிடையாது, கரண்ட் கொடுக்கச் சாதாரண பவர் சப்ளையும் பொருந்தாது.) எச்பி இசட்620 அல்லது இசட்820 முழுப் பெட்டியாக, பவர் சப்ளை கூலர் எல்லாவற்றோடும் கிடைத்தால் அதை வாங்கி உங்கள் பிராசஸரையும் ரேமையும் அதில் போடுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா பக்கமும் கண்டியிலும் விசாரித்துப் பாருங்கள். இசட்820 ஏறக்குறைய 20 கிலோ கனம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் ஏறி வர நினைக்காதீர்கள்.

இரண்டு சாக்கெட்டோடு புதிதாகச் சீனாவிலிருந்து வரும் எக்ஸ்79 போர்டுகளும் இருக்கின்றன. பழைய சிப்செட்டை எடுத்துப் புதுப் பலகையில் பூட்டியவை. விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நாளை காலை மாப்பிள்ளை வீட்டுக்கு வீடியோ கொடுக்கவேண்டிய ஆளுக்கு நான் சொல்லமாட்டேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஸியோன்களுக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் தனி கார்ட் கட்டாயம். எச்.265 முறையில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் வேலையில் 20 கோர் இருந்தும் இவை திணறும். அந்தப் பாரத்தை அந்தக் கார்ட்தான் தூக்கவேண்டும். முப்பரிமாண ரெண்டரிங் செய்பவருக்கு இந்த ஜோடி அருமை. கல்யாண வீடியோ மட்டும்தான் என்றால் இரண்டு பிராசஸரையும் விற்றுவிட்டு, கிராஃபிக்ஸ் உள்ள புதிய ஐ5 ஒன்றை வாங்குவது லாபம்.

கேள்வி: தலவாக்கலையில் ஒருவர் எச்பி இசட்620 விற்கிறார். இப்போது வி1 (முதல் வரிசை) பிராசஸர் ஒன்று இருக்கிறது, "பயாஸ் அப்டேட் பண்ணினால் வி2 இரண்டு போடலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: ஓடவிட்டு எஃப்10 அழுத்தி உள்ளே போங்கள். ஃபைல் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தில் "பூட் பிளாக் டேட்" என்ற வரி இருக்கும். 2013 என்றால் வி2 ஏற்கும். 2011 என்றால் ஏற்காது. அந்தப் பகுதி வழக்கமான பயாஸ் அப்டேட்டில் மாறுவதில்லை, அவர் எத்தனை தடவை அப்டேட் செய்தாலும் சரி. 2011 பெட்டியை வி1 ஜோடியோடு ஓட்டலாம், ஆனால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் மூடியைத் திறந்து பாருங்கள். இசட்620இல் இரண்டாவது பிராசஸர் பிரதான போர்டில் உட்காருவதில்லை. தனியாக ஒரு குட்டிப் போர்ட், அதற்கென்று நான்கு ரேம் இடங்களோடும் கூலரோடும் செருகப்பட்டிருக்கும். ஒரு பிராசஸரோடு விற்கப்பட்ட பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது, அதைத் தனியாக வாங்கவேண்டிவரும்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். இரட்டை சாக்கெட் போர்டில் தற்போதைக்கு ஒரு பிராசஸர்தான் போட்டிருக்கிறேன். பாதி ரேம் காட்டவில்லை, கீழ் ஸ்லொட்டில் போட்ட கிராஃபிக்ஸ் கார்டும் வேலை செய்யவில்லை. போர்ட் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு பிராசஸரும் தன் ரேமையும் தன் ஸ்லொட்டுகளையும் தானே பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதைச் சேர்ந்தவையும் உறங்கும். எது எதைச் சேர்ந்தது என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். எல்லாவற்றையும் முதல் பிராசஸர் பக்கம் மாற்றிப் பாருங்கள். இரண்டாவதை வாங்கும்போது அதே மாடல், அதே எஸ்ஆர் குறி.

கேள்வி: நுவரெலியாவில் ஒரு கடையில் பழைய போர்ட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாக்கெட்டில் இரண்டு ஊசி வளைந்திருக்கிறது. நான்தான் வளைத்தேன் என்று கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால் வியாபாரி கொடுக்கத்தான் வேண்டும். அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம், ஆனால் முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும்.

இருந்தாலும் யார் வளைத்தது என்று நிரூபிப்பது கஷ்டம். கடையிலேயே சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஊசி நுனிகள் எல்லாம் ஒரே சீராக மின்னும். வளைந்தது மட்டும் இருட்டாகவோ வேறு திசையில் மின்னியோ காட்டிக்கொடுக்கும். அங்கேயே படம் எடுத்துவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை. இப்போதைக்கு டவுனில் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் போன் ரிப்பேயார் கடையில் கேட்டுப் பாருங்கள். உடையாமல் வளைந்த ஊசியைப் பொறுமையான கை நிமிர்த்திவிடும். நீங்களே ஊக்கை எடுத்து நோண்டவேண்டாம்.

கேள்வி: இரட்டை பிராசஸர் பெட்டிக்கு விண்டோஸ் ஹோம் போதுமா? வீட்டில் இருக்கும் 650 விஏ யூபிஎஸ் தாங்குமா?

பதில்: ஹோம் ஒரு பிராசஸரை மட்டுமே பயன்படுத்தும், புரோ வேண்டும். 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தரும். இரண்டு 115 வாட் பிராசஸரும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் முழு வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால் அது கத்திக்கொண்டே அணைந்துவிடலாம். 1000 விஏக்குக் குறையாமல் பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் ரெண்டரிங்கை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள், இணைய வயரையும் சேர்த்து.