அப்பாவுக்குப் பிறகு தொழில் யாருக்கு? – கேள்வி பதில்

(பதில்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும். வருமான வரிக் கேள்விகளை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.)

அண்ணனும் நானும் மட்டும் பார்ட்னர்களாக எண்ணெய் மில் நடத்தினோம். அண்ணன் தவறிவிட்டார். "ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும்" என்று பத்திரத்தில் இருக்கிறது. அவர் மகன் தானாகப் பார்ட்னர் ஆவாரா?

ஆக மாட்டார். மூன்று பேர் இருந்திருந்தால் அந்த வரி கைகொடுத்திருக்கும். இருவரில் ஒருவர் போனால் ஃபர்மே இல்லை. மகனைச் சேர்க்க வேண்டுமானால் புதுப் பத்திரம் போடுங்கள். இல்லையென்றால் இறந்த தேதிக்குக் கணக்கு முடித்து வாரிசுகளுக்குப் பணம் கொடுங்கள். முடிக்காமல் அதே செக்கு, அதே சரக்கை வைத்து ஓட்டினால், 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இருக்கிறது: அண்ணன் பங்கால் வந்த லாபத்தைக் கேட்கலாம், அல்லது அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். எது என்பது வாரிசுகள் இஷ்டம்.

மில் நிற்கும் இடம் யார் பெயரில்? அண்ணனின் சொந்த இடமாக இருந்து, ஃபர்முக்குள் கொண்டுவராமல் விட்டிருந்தால், அது நேரே வாரிசுகளுக்குப் போகும். செக்கு உங்களுடையது, தரை அண்ணியுடையது என்று நிற்பீர்கள். எழுதி வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

கம்பெனி ஷேருக்கு அம்மா நாமினி. எல்லாம் அவருக்கா?

இல்லை. நாமினி வாங்கி வைப்பவர்; உரிமை உயில்படி, உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இரு சித்தப்பாக்களின் கிளைகளும் ஷேரை வெளியே விற்பதில்லை என்று வாய்ப்பேச்சு. போதுமா?

போதாது. 1991இல் ரங்கராஜ் வழக்கு: அண்ணன் தம்பி ஆளுக்கு 25 ஷேர், கிளைக்குள்ளேயே வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம். ஒரு கிளைக்காரர் அடுத்த கிளைக்கு விற்றார். கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில், அதாவது உள்விதிப் பத்திரத்தில், அந்தத் தடை இல்லாததால் விற்பனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆர்ட்டிகிள்ஸைத் திருத்துங்கள்.

தங்கைக்கு நூறு பவுன் போட்டாச்சு. மில்லிலும் பங்கா?

பங்குதான். அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போனால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அப்பாவின் அம்மா, எல்லோருக்கும் சமம், 1956 முதலே. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தருவது 2005 திருத்தம்.

நகை கணக்கில் வராதா? அநியாயம் சார்.

சீர் செய்தது உங்கள் ஆசை. உரிமையைக் கைவிட்டது அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். பதிவான விடுதலைப் பத்திரம் உண்டா? இல்லையென்றால் பேச்சுக்கு இடமில்லை.

எங்கள் ஊரில் அப்படி வழக்கம் இல்லையே?

ஊர் வழக்கம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படியேறாது. அடுத்து.

பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி...

மேலே பாருங்கள்.

அப்பாவின் ஜிஎஸ்டி எண்ணிலேயே பில் போடலாமா? அவர் ஒருவரே உரிமையாளராக இருந்த கடை.

கூடாது. அது அவர் பான் எண்ணோடு கட்டியது. உங்கள் பெயரில் புதுப் பதிவு எடுத்து, மிச்ச வரிக் கிரெடிட்டை ஐடிசி-02 படிவத்தில் மாற்றுங்கள். கடையைத் தொடர்ந்து நடத்துவதால் அவருடைய வரிப் பாக்கியும் உங்கள் தலையில்தான்.