கொலம்பஸ் கப்பலில் எந்த இருக்கை?

நடு இருக்கையில் உட்காருங்கள். ஆனித் தேரோட்டப் பொருட்காட்சியில் கொலம்பஸ் என்ற, முன்னும் பின்னும் ஊசலாடும் கப்பல் ராட்டினத்தில் ஏறினால் குமட்டுகிறது என்கிறீர்கள். முனை வரிசையில் இடம் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கப்பலின் இரு முனைகளும்தான் மிக உயரம் போகின்றன. உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும்போது இருக்கை உடம்பைத் தாங்குவது குறைகிறது. எடையே இல்லாததுபோன்ற அந்த நொடிதான் வயிற்றைப் புரட்டுகிறது. ரோலர் கோஸ்டரில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதே நொடிதான்!

அடுத்த முறை நடுவில் அமர்ந்து, தூரத்தில் அசையாத ஒரு விளக்குக் கம்பத்தையே பாருங்கள். காதின் உட்பகுதி உணரும் அசைவைக் கண்ணும் பார்த்தால் குமட்டல் குறையும். அல்வா, மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவதெல்லாம் கப்பலைவிட்டு இறங்கிய பிறகு.

அப்படியும் தலை சுற்றினால் பேய் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோய், கழுத்து வலி உள்ளவர்களும் நடு இருக்கையிலும் ஏறக் கூடாது. மடிக்கு மேல் வரும் கம்பி சரியாகப் பூட்டாமல் ஆடினால், கப்பல் கிளம்பும் முன்பே இறங்கிவிடுங்கள்.