கோழி வைரஸும் அப்பாவின் ரத்தப் புற்றுநோயும்

வணக்கம். கடலூர் முதுநகரில் நாட்டுக்கோழி வளர்க்கும் உங்கள் அப்பாவுக்கு ஜிப்மரில் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உறுதியாகி, இமாடினிப் மாத்திரை தொடங்கியிருக்கிறது என்றும், கோழி வைரஸ்தான் காரணம் என்று உறவினர்கள் சொல்வதால் கோழிகளை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்காக விற்க வேண்டியதில்லை.

கோழிக்கு வைரஸால் ரத்தப் புற்றுநோய் வருவதை டென்மார்க்கின் எல்லர்மானும் பாங்கும் 1908-இலேயே காட்டினார்கள். பூனைக்கும் மாட்டுக்கும் அத்தகைய வைரஸ்கள் உண்டு. ஆனால் அவை மனிதருக்கு இந்நோயைத் தருவதாக நிறுவப்படவில்லை. எச்.டி.எல்.வி.-1 என்னும் மனித வைரஸ் உண்டாக்குவது வேறு வகை ரத்தப் புற்றுநோய். அது தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் வழியே பரவுவது.

விலங்கு ஆய்வுகளால் உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த நன்மையே பெரிது என்பேன். சுண்டெலியைத் தாக்கும் ஏபல்சன் வைரஸை ஆராய்ந்தவர்கள், அது சுமந்திருந்த புற்று மரபணு எலியின் இயல்பான செல்லிலிருந்தே எடுக்கப்பட்டது என்று கண்டார்கள். அதே மரபணு மனிதரின் 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது முறிந்து 22-ஆம் குரோமோசோமுடன் ஒட்டிக்கொள்ளும்போது, வைரஸ் எதுவும் இல்லாமலேயே, செல்களை ஓயாமல் பெருகச் செய்யும் புரதம் உருவாகிறது. பரிசோதனை அறிக்கையில் 'பிலடெல்பியா குரோமோசோம்' என்று குறிப்பிடுவது இதைத்தான். இமாடினிப் அந்தப் புரதத்தையே தடுக்கிறது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையும் விடக் கூடாது.

கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கோழி எச்சத்திலுள்ள சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா அவருக்குக் கடுமையான தொற்றைத் தரலாம்.