விடுவது யார், போடுவது யார்?

கேள்வி: தீபாவளியை ஒட்டி நான்கு நாள் விடுமுறை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து மாமனார் மாமியார், போதாக்குறைக்கு மழை. கொடியில் போட்ட துணி காய்வதில்லை. அடுப்படியை விட்டு நான் நகர்வதில்லை. எல்லாம் முடிந்து ஆபீஸ் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் 'அப்பாடா' என்றிருக்கிறது. இப்படி நினைப்பது தவறா?
- ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: 'விடுமுறை' என்ற சொல்லில் என் கண் மாட்டிக்கொண்டது. இனி உங்கள் மாமனார் மாமியார் பக்கம் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் யாரும் விடுமுறை என்பதில்லை. லீவு என்கிறோம். அந்த லீவுக்கு நாம் இரண்டு வினை வைத்திருக்கிறோம்: லீவு விடுவது, லீவு போடுவது. விடுகிறவர் மேலே இருப்பவர். சர்க்கார், கலெக்டர், ஹெட்மாஸ்டர். போடுகிறவர் கீழே இருப்பவர்; குமாஸ்தா, வாத்தியார், நீங்கள். ஐப்பசி பிறந்தால் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் டி.வி.யின் அடியில் ஓடும் எழுத்தையே வெறித்துக்கொண்டிருக்கிறார்களே, எதற்கு? கலெக்டர் லீவு விடுவாரா என்றுதான். 'பள்ளிகளுக்கு மட்டும்' என்று வந்தால் தங்கை ஆட்டம் போடுவாள், கல்லூரிக்குப் போகும் அண்ணன் முகம் தொங்கிப்போகும். மறுநாள் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும் என்பது வேறு கதை.

அடுப்படிக்கு லீவு விடும் கலெக்டர் எந்த மாவட்டத்திலும் கிடையாது. சரி, நாமே போடலாம் என்றால் விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது? மாமியாரிடம் நீட்டிப் பாருங்கள். நாற்பது வருஷமாக நிலுவையில் கிடக்கும் தன் விண்ணப்பத்தை அவர் முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டுவார்.

ஆபீஸ் தமிழில் இதற்கே 'விடுப்பு' என்று இன்னொரு சொல் உண்டு. அதில் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். நான் ஊரில் இல்லாததால் எங்கள் அலுவலகத்திலிருந்து 'ஆசிரியர் ஒரு வாரம் விடுப்பில் இருக்கிறார்' என்று பதில் போயிற்று. அவர் திருப்பி எழுதினார்: "ஒரு கிழமையோ? நான் அவரை அறிஞ்ச நாள் தொட்டு விடுப்பிலதானே நிக்கிறார்!" அங்கே விடுப்பு என்றால் ஊர் வம்பு. அடுத்த வீட்டில் சண்டை நடந்தால் வேலியோரம் நின்று விடுப்புப் பார்க்கலாம். கிணற்றடியில் விடுப்புக் கதைக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சொல் கடலைத் தாண்டியதும் இவ்வளவு உண்மையாகிவிட்டதே என்று தோன்றியது. தீபாவளி நாலு நாளில் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது என்ன? இந்தக் கரை விடுப்பில் வந்தவர்கள் உட்கார்ந்து அந்தக் கரை விடுப்புப் பேசுகிறார்கள். "பெரியவளுக்கு இன்னும் பார்க்க ஆரம்பிக்கலையா?" "இந்த ப்ரிட்ஜ் என்ன விலை?" "பையனுக்கு மேத்ஸ்ல எவ்வளவு?" காபி மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும், ஊற்றுக்கண் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

சட்டத்தையும் புரட்டினேன். இந்த வயதில் வேறென்ன வேலை. நம் மாநிலத்தில் 1958-ல் ஒரு சட்டம் வந்தது, தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்காக. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள். இவை போக இன்னும் 5 நாள். அன்றைக்கு ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு, வேறொரு நாள் சம்பளத்துடன் லீவு. அருமையான ஏற்பாடு. அடுப்படியில் செல்லாது. சைபரை இரண்டால் பெருக்கினால் என்ன வருமோ அதுதான் உங்கள் போனஸ். மாற்று விடுமுறையையாவது கேட்கலாம் என்று என் வீட்டுக் கணக்கைத் தலைத்தீபாவளியிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே இடித்தது. பெண் உட்கார்ந்து கொண்டாடும் தீபாவளி அது ஒன்றுதான். அன்றைக்கு அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வெடிக்குக்கூட நேரம் வைத்தாகிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ராத்திரி 8 முதல் 10 வரை என்றது. நாங்கள் விடியற்காலைத் தீபாவளிக்காரர்கள் ஆயிற்றே என்று தமிழ்நாடு அரசு போய் முறையிட்டது. நேரத்தை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு மணிக்கு மேல் போகக்கூடாது என்று பதில் வந்தது. அப்படித்தான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. வாணலிக்கு யாரும் மணி குறிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது முந்தின நாள் மத்தியானம் மூன்றுக்கு அடுப்பில் ஏறும். இறங்கியதை நான் பார்த்ததில்லை, தூங்கிவிடுவேன்.

விடிகாலை மூன்றரைக்கு நல்லெண்ணெய் காயும். அதில் மிளகும் வெற்றிலையும் பொரிகிற சத்தம்தான் எனக்கு அலாரம். அலாரத்தை எழுப்பியது யார் என்று கல்யாணமாகி இருபது வருஷம் நான் யோசித்ததில்லை. ஒரே குளியலறை, ஆறு தலை. பெரியவர்கள், பிள்ளைகள், பிறகு 'எனக்கு ஈரத்தலை ஆகாது' என்று சொல்லிக்கொண்டே வெந்நீரை அதிகம் செலவழிக்கும் நான். வீட்டம்மாவின் முறை வரும்போது வெந்நீர் தீர்ந்திருக்கும், சீயக்காய்க் கிண்ணத்தில் அடிக்கசடு ஒட்டியிருக்கும், மணி ஒன்பதரை ஆகியிருக்கும். அதற்கு முன்பே அத்தை போன் செய்திருப்பார்: "கங்கா ஸ்நானம் ஆச்சா?" எடுப்பது நான். "ஆச்சு ஆச்சு, எல்லாருக்கும் ஆச்சு!"

லேகியத்தை மட்டும் விட்டுவிட முடியுமா? சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என்று நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கி, இடித்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டுகிறோம். வயிற்றைக் கெடுக்கப்போகும் பட்சணத்தையும் அதைச் சரிசெய்யும் மருந்தையும் ஒரே கை, ஒரே வாணலியில் செய்கிறது. போன வருஷம் இந்தப் பக்கத்தில் 'லேகியம் பல்லில் ஒட்டுகிறது' என்று எழுதியதற்குப் பதினோரு கடிதம் வந்தது. பத்து, பாகு பதம் தப்பு என்றது. ஒன்று, பல் மருத்துவரிடமிருந்து.

இந்த இடத்தில் முறுக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வழக்கமான வாசகர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எங்கள் தெருமுனையில் புதிதாக முளைத்த பலகாரக் கடையில் 'கை சுற்று முருக்கு' என்று பலகை. முறுக்கியதால் அது முறுக்கு, வல்லின று. இடையின ரு போட்டால் அது மரம். வேலியோரம் முள்ளும் சிவப்புப் பூவுமாக நிற்குமே, கல்யாண முருங்கை, அதுதான் முருக்கு. சளிக்கு அதன் இலையை அரைத்து அடை தட்டுவோம். நெய்யில் பொரித்து எண்ணி எண்ணி டப்பாவில் அடுக்க மாட்டோம். உள்ளே போய்ச் சொன்னேன். கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், சின்ன ரவோ பெரிய றவோ, கடிச்சா ஒடையணும். இல்லீங்களா?" என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். உடைந்தது. நான் விடவில்லை, 'கைச்சுற்றில்' ஒரு ச் காணாமல் போனதையும் எடுத்தேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் என் கட்சி, மூன்று பேர் அவர் கட்சி, ஒருவர் அரைக் கிலோ தட்டை கேட்டார். முக்கால் மணி நேரம் போயிற்று. வீட்டில் என்னை அனுப்பியது பொட்டுக்கடலை கால் கிலோவுக்கு. நிஜ முறுக்கு பிழிவதற்கு மாவு பிசைந்துவைத்துவிட்டு ஒருவர் காத்திருந்தார். நான் வெறுங்கையோடு, வாதத்தில் பாதி ஜெயித்து, வீடு திரும்பினேன்.

சரி, மாமனார் மாமியார். முன்பு ரயில் டிக்கெட்டுக்கு 120 நாள் முன்பே முன்பதிவு திறக்கும். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அவர்கள் வருகையை நினைத்து நீங்கள் கவலைப்படும் காலத்தை ரயில்வே பாதியாக்கியிருக்கிறது. அந்த மட்டுக்கும் நன்றி சொல்லலாம். மழையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை இந்த வடகிழக்குப் பருவம்தான் தருகிறது, உங்கள் பக்கம் சம்பா வேறு நிற்கிற நேரம். அந்தப் பாதியில் பாதி உங்கள் கூடத்துக் கொடியில் சொட்டுகிறது என்பதும் புரிகிறது. பெரிய துண்டுகளை மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே போடுங்கள். இவ்வளவுதான் என்னால் முடிந்த உபயோகமான யோசனை.

தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறில்லை. முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம், பக்கம் நிரம்பாது. ஆபீஸில் உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, ஐந்தரைக்கு எழுந்து போகவும் வழி இருக்கிறது. வீட்டில் இரண்டும் இல்லாதவர் ஆபீஸை நினைத்து ஏங்கினால் அதற்குப் பெயர் குற்ற உணர்வு இல்லை, கணக்கு. தீபாவளியன்று பத்து மணிக்கு டி.வி.யில் பட்டிமன்றம் வரும், குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் ஆண்களா பெண்களா என்று. தீர்ப்பு எப்போதும் உங்கள் பக்கம்தான். கூடத்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். குக்கர் சத்தத்தில் தீர்ப்பு உங்கள் காதில் விழாது, தட்டுகள் தொட்டியில் அப்படியே கிடக்கும். பட்டிமன்றத்தின் மேல் எனக்குள்ள பழைய வழக்கை இன்றைக்கு இத்தோடு ஒத்திவைக்கிறேன்.

ஏனென்றால் இந்த வழக்கில் நானும் எதிரி. வருஷா வருஷம் எங்கள் தீபாவளி மலரோடு '30 வகை பட்சணம்' இணைப்புப் போட்டு, 'இல்லத்தரசிகளே!' என்று முன்னுரை எழுதுவது இந்தக் கைதான். நீங்கள் நாலு வகையோடு நிறுத்த நினைத்தால், மீதி இருபத்தாறு எங்கே என்று உங்கள் வீட்டில் கேட்க வைத்தது நான். பல வருஷம் முன்பு அந்த இணைப்பில் பாதுஷாவுக்குச் சமையல் சோடா 'ஒரு சிட்டிகை' என்பது 'ஒரு கரண்டி' என்று அச்சாகிவிட்டது. மதுரை வாசகி ஒருவர் அதைப் படித்து, நம்பி, செய்தார். அன்றிலிருந்து தீபாவளி தவறாமல் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை: 'இந்த ஆண்டும் பாதுஷா செய்யவில்லை. இப்படிக்கு.' அந்த அட்டையைப் படிக்கும்போதெல்லாம், தெரியாமலே ஒருவருக்காவது ஒரு பட்சணத்திலிருந்து லீவு விட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம் ஆசிரியர் குழுவில் பேசினேன்: இந்தத் தடவை இணைப்பே வேண்டாம், அந்தப் பக்கங்களில் நல்லதாக இரண்டு சிறுகதை போடலாம். விளம்பரப் பிரிவு சிரித்தது. எண்ணெய் விளம்பரம், நெய் விளம்பரம், மாவு விளம்பரம் மூன்றும் அந்த இணைப்பில்தான் வருகின்றனவாம். அவை இல்லாமல் மலரே இல்லையாம். ஆகவே இணைப்பு உண்டு. முன்னுரையில் 'இல்லத்தரசிகளே' என்பதை மட்டும் 'இல்லத்தினரே' என்று மாற்றியிருக்கிறேன். பாதுஷா 36-ம் பக்கத்தில். சமையல் சோடா ஒரு சிட்டிகைதான். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தாயிற்று.